நீ அனுப்பிய வழி

அசோக்,

இன்னும் ஒன்பது நாளில் உனக்குக் கல்யாணம். பத்திரிகைக் கட்டுகளில் பாதி இன்னும் டிவி ஸ்டாண்டின் மேல்தான் இருக்கின்றன. நேற்று தொம்மலூரிலேயே பதினொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லோரும் உட்காரச் சொன்னார்கள், காபி கொடுத்தார்கள், உன் அம்மாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொன்னார்கள். நான் தலையாட்டினேன். என்னோடு ஃபேக்டரியில் இருந்த ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். அவர் அழுது முடிக்கும்வரை அவர் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவள் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. பதினான்கு மாதமும் இப்படித்தான். பசித்தால் சாப்பிடுகிறேன், என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது. கால் மரத்துப்போனால் செருப்பு இருக்கிறதா கழன்றுவிட்டதா என்று குனிந்து பார்த்தால்தான் தெரியும். என்னையும் நான் அப்படித்தான் அவ்வப்போது குனிந்து பார்த்துக்கொள்கிறேன்.

நீ ஆபீஸ் வேலையாகப் புனே போயிருக்கிறாய். வியாழக்கிழமை வருவாய். அதற்குள் இதை எழுதி உன் மேஜைமேல் வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் ஆரம்பித்தால் பாதியிலேயே தண்ணீர் மோட்டாரைப் பற்றியோ கேஸ் சிலிண்டரைப் பற்றியோ பேசத் தொடங்கிவிடுவேன், அது உனக்கே தெரியும். இதில் பாதிக்கு மேல் உனக்குத் தெரிந்த விஷயங்கள்தான். ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். ஏனென்றால் நான் உனக்கு எதையும் ஒழுங்காக, வரிசையாகச் சொன்னதே இல்லை. திவ்யாவும் படிக்கட்டும். இந்த வீட்டுக்கு வரப்போகிற பெண்ணுக்கு இந்த வீட்டு மனுஷன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்திருக்க வேண்டும்.

முப்பத்தொரு வருஷம் ஃபேக்டரி ஸ்டாஃப் பஸ் ஓட்டினேன். அல்சூர், ஆடுகோடி, நீலசந்திரா, விவேக் நகர் என்று காலையில் ஆட்களை ஏற்றி, சாயங்காலம் கொண்டுபோய் இறக்கினேன். ஒரு ரோடு அடைத்திருந்தால் இன்னொன்று, அதுவும் அடைத்திருந்தால் மூன்றாவது. அதுதான் என் பெருமை. நீ எட்டாவது படிக்கும்போது ஒகேனக்கல் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? நீ பஸ் ஸ்டாண்டில் வாங்கின ரோடு மேப்பை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, இந்த இடத்தில் இடதுபக்கம் போகணும்ப்பா என்றாய். வண்டி ஓட்டுகிறவன் நானா நீயா என்று கேட்டுவிட்டு நேராகப் போனேன். ஒன்றரை மணி நேரம் சுற்றினோம். நீ சொன்ன இடத்துக்கே திரும்பி வந்து இடதுபக்கம் திரும்பினேன். வீட்டுக்கு வந்ததும் பக்கத்து வீட்டில், போர்டு தப்பாக வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். அங்கே போர்டே கிடையாது. உன் அம்மா உள்ளே போய்ச் சிரித்தாள். அது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத இன்னொன்றும் உண்டு. ஒருமுறை ஃபேக்டரி கேட்டில் பஸ்ஸை உரசிவிட்டேன். என் அவசரம்தான் காரணம். பிரேக் சரியாக இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். பிரேக்கைப் பார்த்த மெக்கானிக்குக்கு மெமோ வந்தது. அவர் ரிட்டயர் ஆகிற வரைக்கும் என்னிடம் பேசவில்லை. நானும் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பு நடந்த அந்த நொடியிலேயே என் வாய் வேறொன்றைக் கை காட்டிவிடும். யோசித்துச் செய்வதில்லை. அதனால்தான் அது குறை என்று எனக்கே ரொம்ப நாள் தெரியவில்லை.

உனக்கு இந்த வேலை கிடைத்தபோது என்ன வேலை என்று அம்மாவுக்கு விளக்கினாய். காரில் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு திரை இருக்கும், அதில் பாட்டு, போன், மேப் எல்லாம் வரும், புதுசாக ஒன்று செய்து முடித்ததும் அதில் எங்கே தப்பு இருக்கிறது என்று தேடுவதுதான் என் வேலை என்றாய். அவள் இருபது வருஷம் கார்மென்ட்ஸில் சட்டைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நூல் பிரிந்ததையும் பட்டன் கோணியதையும் எடுத்துப் போட்டவள். "அப்ப நீயும் செக்கிங்தானா?" என்று கேட்டாள். ஆமாம்மா என்றாய். அந்த மாதம் முழுக்க, என் புள்ளையும் செக்கிங்தான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று செவ்வாய்க்கிழமை. காலையில் மழை பெய்து, மத்தியானத்துக்கு மேல் நல்ல வெயில். நாலு மணி இருக்கும். மொட்டை மாடியில் துணி எடுக்கப் போனவள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். நெற்றியெல்லாம் வேர்வை. தோளில் வலி என்றாள். உனக்குப் போன் செய்தேன். நீ வைட்ஃபீல்டில் ஆபீஸில் இருந்தாய். இரண்டே நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டாய். ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும் என்கிறார்கள், காத்திருக்க வேண்டாம், பன்னேர்கட்டா ரோட்டில் அம்மாவை எப்போதும் பார்க்கிற டாக்டர் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறார், நான் பேசிவிட்டேன், எமர்ஜென்சிக்கு வாசல் பின்பக்கம், அந்த வாசலுக்கே லொகேஷன் அனுப்புகிறேன், அதைத் திறந்து அது சொல்கிற மாதிரி போங்கப்பா என்றாய். சரி என்றேன். அவளைத் தாங்கிப் பிடித்துக் கீழே இறக்கி முன்சீட்டில் உட்காரவைத்தேன். வண்டியை ரிவர்ஸ் எடுக்கும்போது போனில் சத்தம் வந்தது. நான் திறக்கவில்லை.

நாலரை மணிக்கு இன்னர் ரிங் ரோடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். விவேக் நகர் பின்பக்கமாக நுழைந்து ஆடுகோடியில் ஏறிவிடலாம் என்று போனேன். ஸ்டாஃப் பஸ்ஸைக் கொண்டுபோன ரோடுதான். பாதி தூரம் போன பிறகு குழாய் போடத் தோண்டி வைத்திருந்தார்கள். மழைத் தண்ணீர் நின்றிருந்தது. எனக்கு முன்னால் ஒரு தண்ணீர் லாரி, பின்னால் நாலைந்து வண்டி. திரும்பவும் முடியவில்லை, நகரவும் முடியவில்லை. லாரி பின்னால் எடுத்து, எல்லோரும் பின்னால் எடுத்து, நான் வெளியே வருவதற்கு இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. ஆஸ்பத்திரிக்கு வந்ததும் முன்வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். இங்கே இல்லை, பின்பக்கம் என்று செக்யூரிட்டி கை காட்டினார். ஒன்வே ரோட்டில் சுற்றிக்கொண்டு போனேன். அந்த டாக்டர் தயாராகத்தான் நின்றிருந்தார். அவர்கள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள். பிறகு அவர் வெளியே வந்து, "ஸ்வல்ப பேகா பரபேகித்து," என்றார். கொஞ்சம் சீக்கிரம் வந்திருக்க வேண்டும். அவர் குற்றமாகச் சொல்லவில்லை. மெதுவாகத்தான் சொன்னார்.

நீ பைக்கில் வந்து சேர்ந்தாய். ஹெல்மெட்டைக் கழற்றவே மறந்திருந்தாய். அந்த வராந்தாவில் என்னிடம் வந்து, "ஏம்ப்பா இவ்ளோ லேட்டு? முப்பது நிமிஷம்தானே காட்டுச்சு?" என்று கேட்டாய். நீ கேட்டது என்னைத் திட்டுவதற்காக இல்லை. புரியாமல் கேட்டாய். அப்போது நான் சொன்னது இதுதான்: "மேப்பு சுத்தி வுட்டுருச்சுடா. தோண்டிப் போட்ட ரோட்டுல கொண்டுபோய் மாட்டி வுட்டுருச்சு."

நீ ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றாய். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீ பேப்பர்களில் கையெழுத்துப் போடப் போயிருந்தபோது நான் போனில் உன் செய்தியைத் திறந்து பார்த்தேன். எந்த வழியில் கூட்டிப்போயிருக்கும் என்று தெரிந்துகொள்ள ஆசையா, பயமா, சொல்லத் தெரியவில்லை. நம் வீட்டிலிருந்தே வழி போட்டு அனுப்பியிருந்தாய், ரிங் ரோடுதான். நீலக் கோடு நேராகப் போய்ப் பின்வாசலில் முடிந்தது. திறந்து பார்த்தால் உன் போனில் டிக் நீலமாக மாறும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நீ பிறகு போனை எடுத்துப் பார்த்தபோது அது நீலமாக இருந்திருக்கிறது. அப்பா நம் லொகேஷனைத் திறந்துதான் போயிருக்கிறார் என்று அதையும் சேர்த்து நம்பிவிட்டாய்.

நம் புத்த விகாரையில் சரணம் சொல்லி முடித்தோம். அவள் புகைப்படத்தை மாட்டினோம். நீ வேலைக்குப் போனாய், நான் வீட்டில் இருந்தேன். எட்டு மாதம் கழித்து, பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு எலெக்ட்ரிக் கார் வாங்கலாம்ப்பா, கல்யாணத்துக்குப் பிறகு மூன்று பேருக்கும் வேண்டும் என்றாய். சரி என்றேன். எதற்குமே சரிதான் சொல்லிக்கொண்டிருந்தேன். மூன்று ஞாயிற்றுக்கிழமை, மூன்று ஷோரூம். நீ ஓட்டுவாய், ஷோரூம் ஆள் பக்கத்தில், நான் பின்சீட்டில்.

முதல் காரில் திரை ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டம் அளவுக்கு இருந்தது. ஏசி, கண்ணாடி, பாட்டு எல்லாமே அதற்குள்தான், ஒரு பட்டன்கூட வெளியே கிடையாது. ஏசியைக் குறைக்க நீ மூன்று இடத்தில் விரல் வைத்தாய், அந்த நேரம் முழுக்க உன் கண் ரோட்டில் இல்லை. மேப் அழகாக இருந்தது, கட்டடங்கள்கூட எழும்பி நின்றன. ஆனால் அண்டர்பாஸில் இறங்கியதும் அம்பு அப்படியே நின்றுவிட்டது. வெளியே வந்து சிறிது தூரம் போன பிறகுதான் அதற்கு நாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்தது. நீ அதைக் குறித்துக்கொண்டாய். உன் போனிலிருந்து லொகேஷன் அனுப்பினால் எத்தனை நொடியில் அந்தத் திரையில் வழி வருகிறது என்று எண்ணினாய். மூன்று தடவை அனுப்பி மூன்று தடவை எண்ணினாய். வேலை பார்க்கிற பழக்கம் என்று நினைத்தேன். கார் பன்னேர்கட்டா ரோட்டில் திரும்பியபோதும், அந்தப் பக்கம் ரோடு நன்றாக இருக்கும் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஆஸ்பத்திரியின் பின்வாசலில் போய் நிறுத்தினாய். ஒரு நிமிடம் இருந்துவிட்டுத் திருப்பினாய்.

இரண்டாவது காரின் திரை சின்னது. ஆனால் ஸ்டியரிங்குக்குப் பின்னால், ஸ்பீடு காட்டுகிற இடத்திலேயே மேப்பும் வந்தது, அதனால் தலையைத் திருப்ப வேண்டியதில்லை. ஏசிக்குக் கையால் திருப்புகிற குமிழ் இருந்தது. போய்ச் சேரும்போது பேட்டரியில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று முன்கூட்டியே சொன்னது, கிட்டத்தட்ட சரியாகவும் இருந்தது. எனக்கு அதுதான் பிடித்தது. அதில் நீ அந்த ஆளிடம், போகிற வழியில் ரோடு தோண்டிப் போட்டிருந்தால் இது எத்தனை நேரத்தில் தெரிந்துகொள்ளும் என்று கேட்டாய். டேட்டா வந்த உடனே வழியை மாற்றிவிடும் சார் என்றார். டேட்டா வராவிட்டால் என்று கேட்டாய். அவர் சிரித்துக்கொண்டே, அப்போ டிரைவர்தான் சார் பார்க்கணும் என்றார். நீ சிரிக்கவில்லை. அன்றும் பின்வாசலில்தான் போய் நின்றோம்.

மூன்றாவது காரிடம் வாயால் பேசலாம். குளிர்கிறது என்றால் ஏசியைக் குறைத்தது. கன்னடத்தில் சொன்னாலும் ஓரளவு புரிந்துகொண்டது. ஆனால் அதற்கென்று ஒரு மேப், உன் போனிலிருந்து வந்த மேப் ஒன்று என்று இரண்டு இருந்தன. ஆடுகோடி சிக்னலில் ஒன்று நேராகப் போ என்றது, இன்னொன்று இடது என்றது. நீ சிக்னல் பச்சையாகியும் நகராமல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாய். பின்னால் ஹாரன். ஷோரூம் ஆள் "சார், ஹோகி சார்," என்று போகச் சொன்னார். உன் கழுத்து வேர்த்திருந்ததைப் பின்சீட்டிலிருந்து பார்த்தேன். பின்வாசலுக்கு வந்து சேர்ந்ததும் நீ இறங்கிப் போய் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாய். ஷோரூம் ஆள் என்னைத் திரும்பிப் பார்த்தார். நீ எந்தக் காரையும் சோதிக்கவில்லை என்று எனக்கு அப்போது புரிந்துவிட்டது. நீ அனுப்பிய லொகேஷனைத்தான் சோதித்துக்கொண்டிருந்தாய். வேறு கார், வேறு திரை இருந்திருந்தால் அன்று அம்மா பிழைத்திருப்பாளா என்று பார்த்துக்கொண்டிருந்தாய். புரிந்தது. கதவைத் திறந்து இறங்கி உன் பக்கத்தில் வந்து நின்றிருக்கலாம். சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். உடம்பு எழவில்லை.

அதற்கு அடுத்த வாரம் திவ்யா ஆனேக்கலிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். நீ ஆபீஸில் இருந்தாய். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, கல்யாணத்தைத் தள்ளிவைக்கலாம் என்று நீ சொல்வதாகச் சொன்னாள். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டால் பதில் இல்லையாம். "மாமா, என் கையாலயே அம்மாவைக் கொன்னுட்டேன்னு சொல்றாரு. ஊர்ல இருக்கற கார்ல எல்லாம் தப்பு கண்டுபுடிக்கறவன், அன்னிக்கு ஒரு லொகேஷன் சரியா அனுப்பல, எனக்கு எதுக்குக் கல்யாணம்ங்கறாரு." அவள் அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள்: "அன்னிக்கு மேப்பு எந்த ரோட்டைக் காட்டுச்சு மாமா?"

அந்தப் பெண் சந்தேகத்தில் கேட்டாளா, தெரிந்துகொள்ளக் கேட்டாளா, எனக்கு இன்றுவரை தெரியாது. நானே அவனிடம் பேசுகிறேன்மா என்று மட்டும் சொன்னேன். அவளை பஸ் ஸ்டாப்புக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ இரண்டாவது காரை இன்னொருமுறை ஓட்டிப்பார்க்கக் கிளம்பினாய். நான் பழைய வண்டியின் சாவியை எடுத்துக்கொண்டு, இதில் உட்கார், நான் ஓட்டுகிறேன் என்றேன். நீ என்னை விசித்திரமாகப் பார்த்தாய், ஆனால் ஏறினாய். விவேக் நகர் பின்பக்கம் போய் அந்த இடத்தில் ஓரமாக நிறுத்தினேன். இப்போது அங்கே தார் போட்டுவிட்டார்கள். ஒரு அம்மா வீட்டு வாசலில் கோலம் போட்டிருந்த இடத்தைத் தாண்டி, வண்டிகள் சாதாரணமாகப் போய்க்கொண்டிருந்தன.

"இங்கதாண்டா மாட்டிக்கிட்டேன்," என்றேன்.

"இந்த ரோட்டை ஏம்ப்பா காட்டுச்சு? நான் அனுப்பறப்ப ரிங் ரோடுதானே இருந்துச்சு?"

"அது காட்டல. நான் அதைத் திறக்கவே இல்ல."

நீ முன்கண்ணாடி வழியாக அந்தத் தாரைப் பார்த்தாய். "டிக் ப்ளூவா இருந்துச்சே," என்றாய்.

"அது அப்புறமா திறந்தது. ஆஸ்பத்திரியில."

போனை எடுத்து அந்தச் செய்தியைத் தேடி, அதன்மேல் விரலை அழுத்தி வைத்தாய். எப்போது படிக்கப்பட்டது என்று அதில் நேரம் வரும் என்று எனக்குத் தெரியாது. "ஆறு பதினொண்ணு," என்று படித்தாய். அவள் போய் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்த நேரம் அது. நீ கத்துவாய் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் தேவலை என்றும் இருந்தது. நீ சீட் பெல்ட்டைக் கழற்றி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, ஆடுகோடிப் பக்கம் நடந்து போனாய். கண்ணாடியில் தெரிகிறவரைக்கும் பார்த்தேன். பிறகு வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாதம் வைத்து, இருவருக்கு வைத்துவிட்டோமே என்று நினைத்து, ஒருவனாகச் சாப்பிட்டேன்.

பதினொரு நாள் நீ வரவில்லை. மாரத்தஹள்ளியில் உன்னோடு வேலை செய்கிற பையன் ரூமில் இருப்பதாகத் திவ்யா சொன்னாள். தினம் மத்தியானம் ஒரு மெசேஜ் அனுப்புவாள். சாப்பிட்டுவிட்டார் மாமா. ஆபீஸ் போயிருக்கிறார் மாமா. அவளுக்கு நீ சொல்லியிருந்தாய் என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகும் மாமா என்றுதான் எழுதினாள். அந்தப் பதினொரு நாளில் நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும், உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று. அப்படி ஒன்றும் இல்லை. முன்பு எப்படி இருந்தேனோ அப்படியே இருந்தேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் வந்தாய். குளித்தாய். நான் இட்லி வாங்கி வந்து வைத்தேன். தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாய்: கல்யாணத் தேதி முன்னாடி சொன்னதே இருக்கட்டும் என்று திவ்யா வீட்டில் சொல்லிவிட்டேன், இன்றைக்கு இரண்டாவது காரை புக் செய்கிறேன், அதில்தான் கண் ரோட்டில் இருக்கும். எனக்கும் அதுதான்டா பிடித்தது என்றேன். நீ தலையாட்டினாய். எழுந்து கை கழுவப் போனவன் அங்கேயே நின்று, திரும்பாமல் கேட்டாய்.

"வண்டியில அம்மா எதாச்சும் பேசுச்சாப்பா?"

நான் சொன்னேன், "ஒண்ணும் பேசலடா."

மறுபடியும் அதேதான். யோசிக்கக்கூட இல்லை, வாய் சொல்லிவிட்டது. நீ துண்டில் கை துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாய். அதற்குப் பிறகு நாம் நன்றாகத்தான் பேசிக்கொள்கிறோம். மண்டபம், சமையல்காரர், புது வண்டிக்குக் கீழே சார்ஜர் போடுகிற இடம் எல்லாம் பேசினோம். நீ என்னை மன்னித்தாயா என்று நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். ஆனால் நீ கேட்டதற்கு நான் சொன்ன பதில் பொய். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. கல்யாணம் ஆகிறவனுக்கு அப்பா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நீ செய்த தப்பைத் திவ்யா கேட்கும்போது, அவள் கேட்டு முடிப்பதற்குள், ஆமாம் நான்தான் என்று சொல்லிவிடு. ஒரு நிமிடம் தாமதித்தால் அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு அதை எழுப்ப முடியாது. நான் முப்பது வருஷம் உன் அம்மாவிடம் ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும் என்று விட்டுவிட்டேன். தெரிந்திருந்தாலும் ஒருமுறை சொல்லியிருக்கலாம். இதைப் படித்துவிட்டு, மண்டபத்தில் என்னை எங்கே நிற்கச் சொல்கிறாயோ அங்கே நிற்கிறேன். வர வேண்டாம் என்றாலும் சரி.

அம்மா பேசினாள்.

படியிறங்கும்போது கேஸை அணைத்தீர்களா என்று கேட்டாள். வண்டியில் உட்கார்ந்ததும் புடவைத் தலைப்பு கதவில் மாட்டியிருக்கிறதா பாருங்க என்றாள். நான் ரிவர்ஸ் எடுத்தபோது போன் சத்தம் வந்தது அல்லவா, அது முன்னால் கியர் பக்கத்தில் இருந்தது. அவள் அதைக் கையில் எடுத்தாள். "புள்ள என்னமோ அனுப்பிக்கிறான். பாருங்க," என்றாள். நான், "எனக்குத் தெரியாத ரோடா? நீ பேசாம வா," என்றேன். திட்டுகிற மாதிரி சொல்லவில்லை. எப்போதும் சொல்கிற மாதிரிதான். அதுதான் நான் அவளிடம் கடைசியாகப் பேசியது. அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

என் போனைத் திறக்க அவளுக்குத் தெரியாது. ஆனால் பூட்டியிருந்தாலும் உன் பெயரும் ஒரு வரியும் திரையின் மேலே தெரியும். அதை என் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். திரை அணையும், விரலால் தொடுவாள், மறுபடி வெளிச்சம் வரும். ரோட்டில் மாட்டிக்கொண்டு நான் லாரிக்காரரிடம் கன்னடத்தில் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோதும் அந்த வெளிச்சம் என் இடதுபக்கம் வந்து வந்து போனது. எனக்குத் தெரிந்தது. நான் திரும்பவில்லை. ரோட்டை விட்டு வெளியே வந்து ஆடுகோடியில் ஏறிய பிறகு அது வரவில்லை. வலி குறைந்து தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

பின்வாசலில் ஸ்ட்ரெச்சரில் எடுக்கும்போதும் போன் அவள் கையில்தான் இருந்தது. ஒரு நர்ஸ் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கி அதை எடுத்து என்னிடம் கொடுத்தாள். நான் திரையைத் தொட்டேன். உன் பெயர் இருந்தது. அதற்குக் கீழே, நீ அனுப்பிய வழி, யாரும் திறக்காமல் இருந்தது.

அப்பா